தனிக் கிண்ணம்

கோத்தகிரி,
தை மாதம்.

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்தது. கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனி என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே பாடுதான். வெயில் ஏறாமல் நோயாளி யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. வருகிறவர்களும் குல்லாவையும் மப்ளரையும் கழற்ற மனமில்லாமல்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள்.

பாக்கு மெல்வதால் வாய் இறுகும் ஓ.எஸ்.எம்.எஃப். நோயாளிகளுக்குத் தனி நோட்டுப் போட்டு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று குறித்துவைக்கப் போகிறாய் என்பது நல்ல சேதி. எந்தக் கேள்விப் படிவம் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன் ஒன்று. வாய் எவ்வளவு திறக்கிறது என்ற கணக்கும், ஆள் எப்படி இருக்கிறார் என்ற கணக்கும் ஒரே நோட்டில் இருக்கட்டும். ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்காதே. 22 மில்லிமீட்டரிலிருந்து 27க்கு வந்தவர் முகம் வாடி உட்கார்ந்திருப்பார். 22லேயே நிற்பவர், ‘நேத்து வீட்ல வெச்ச மீன் கொழம்பே சாப்ட்டேன் சார்’ என்று சிரிப்பார். வைத்தியம் பலித்தது இரண்டாமவருக்கு என்றுதான் நான் எழுதுவேன்.

இந்த நோயில் இரண்டு உபத்திரவம் ஒட்டிக்கொண்டு வருகின்றன. மேல்படலம் மெலிந்து அழற்சியில் காந்துவது ஒன்று, அடியில் கொலாஜன் என்ற நார் சேர்ந்து இறுகுவது இன்னொன்று. பாக்கிலிருக்கும் அரிகோலின் கொலாஜன் தயாரிப்பை முடுக்குகிறது. துவர்ப்புப் பொருளான டானின் அதைச் சிதையவிடாமல் காக்கிறது. பாக்கிலிருந்து வரும் தாமிரம் லைசில் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைத் தூண்டி, இழைக்கு இழை முடிச்சுப் போட்டுவிடுகிறது. பாக்கை நிறுத்தினால் காந்தல் சில வாரத்தில் தணியத் தொடங்கும், முடிச்சு அவிழாது. அதனால் முதல் மூன்று மாதத்தில் வாழ்க்கையை மாற்றுவது பெரும்பாலும் காந்தல் தணிவதுதான். நாமோ ஸ்கேலை எடுத்துக்கொண்டு முடிச்சை அளந்துகொண்டிருக்கிறோம்.

ஸ்கேல் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒழுங்காகப் பிடி என்கிறேன். மேல் நடுப்பல் விளிம்பிலிருந்து கீழ் நடுப்பல் விளிம்புவரை. எந்தப் பக்கத்து நடுப்பல் என்பதையும் எழுது. நிமிர்ந்து உட்காரவைத்து மூன்று முறை எடுத்து, மூன்றையும் குறி. ஒரு நாள் சாய்த்தும் ஒரு நாள் நிமிர்த்தியும் அளந்தால், கூடியது வாயா கழுத்தின் கோணமா என்று சொல்ல முடியாது. மேல் முன்பல் விழுந்தவருக்கு ஈறிலிருந்துதான் அளக்க வேண்டும். அதை எழுதாமல் விட்டால், பல் போனதே 10 மி.மீ. முன்னேற்றமாகப் பதிவாகிவிடும். 2 மி.மீ. கூடியது குறைந்தது என்பதெல்லாம் கைப்பிழைக்குள் அடங்கும், அதைச் சொல்லி நோயாளியைச் சந்தோஷப்படுத்தாதே. உங்கள் ஊர் குளிருக்கு இன்னொன்றும் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கி விறைத்துப்போய் வந்தவரை அப்படியே அளக்காதே. வெந்நீரில் இரண்டு முறை கொப்பளிக்கவைத்து, பத்து நிமிடம் உட்காரவைத்து அள. இதையே ஒவ்வொரு தடவையும் செய். நாக்கை நீட்டச் சொல்லி, கீழ்ப்பல் விளிம்பிலிருந்து நுனிவரை அதையும் எடுத்துவிடு. வாய் திறப்பு நின்ற இடத்திலேயே நிற்கும்போது சிலருக்கு நாக்கு மட்டும் இளகிவரும். பேச்சு தெளிவது அதனால்தான்.

இனி படிவம். ஓஹெச்ஐபி-14 எல்லோரும் எடுப்பது, வாய் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்பது. 14 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, ஆக மொத்தம் 56. எண்ணிக்கை ஏற ஏற நிலை மோசம். சிஓஎம்டிக்யூ 26 கேள்வி. வலி, மருந்தும் சிகிச்சையும், மனமும் நாலு பேரோடு பழக்கமும், ஆதரவு என்று நாலு பகுதி. நீண்ட நாள் வாய்ப் படல நோய்களுக்கென்றே செய்தது. சிகிச்சையே ஒரு பாரமாகிவிட்டதா என்று கேட்பதால் எனக்கு இதுதான் உகந்ததாகப் படுகிறது. நேரம் குறைவென்றால் முதலாவதை எடு. ஆனால் எதை எடுத்தாலும் தமிழில் கேட்கும்போது இரண்டு குழி இருக்கிறது. இரண்டிலும் விழாமல் போனவர்கள் குறைவு.

முதல் குழி ‘கூச்சம்’. உங்கள் வாய்ப் பிரச்சினையால் மற்றவர் முன் சங்கடமாக இருந்ததா என்பது கேள்வி. சங்கடம் என்ற சொல் எஸ்டேட் லைன் வீட்டில் புழங்குவதில்லை. அதனால் நாமே பெருந்தன்மையாக ‘வாயால கூச்சமா இருந்துச்சா?’ என்று கேட்டுவிடுகிறோம். கேட்டவுடன் பதில் வரும்: ‘ஆமா சார், பச்சத்தண்ணி பட்டா கூசுது.’ பல் கூச்சம்! தையில் இந்த மலையில் யாருக்குத்தான் பச்சைத் தண்ணீரில் பல் கூசாது? 4 போட்டுவிடுவாய். அவருக்கு வெட்கமும் கிடையாது, சங்கடமும் கிடையாது. இரண்டாவது ‘எரிச்சல்’. மற்றவர்கள்மேல் எரிச்சல்படுகிறீர்களா என்று கேட்டால் ‘எரியுது, கொழம்பு பட்டாலே எரியுது’ என்பார்கள். ஒரே உபத்திரவம் இரண்டு இடத்தில் ஏறி, மனநிலைக் கணக்கு வீங்கிவிடும்.

நான் வைத்துக்கொண்ட மாற்று இது. வாய் எரிவுக்குக் ‘காந்துதா’. கோபத்துக்கு ‘வீட்ல சும்மா சும்மா சிடுசிடுன்னு விழுறீங்களா’. வெட்கத்துக்கு ‘நாலு பேர் முன்னால வாயத் தெறக்க ஒரு மாதிரியா இருக்கா’. சொல்லைக் கொஞ்சம் மாற்றினால் படிவத்தின் தரம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், வெளியூர்க் கணக்கோடு ஒப்பிடுவதாயிருந்தால் முறைப்படி மொழிபெயர்த்துச் சோதித்த வடிவம் வேண்டும். உன் நோட்டு ஒப்பிடுவது அதே ஆளின் ஐப்பசியையும் தையையும். அதற்கு ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் கேட்டால் போதும். கேட்பவரும் ஒருவராகவே இருக்கட்டும். நீ கேட்டால் ஒரு பதில் வரும், உன் நர்ஸ் கேட்டால் இன்னொன்று வரும். நர்ஸிடம்தான் உண்மை வரும் என்பது வேறு.

இரண்டையும்விட ஆழமான குழி ஒன்று, அது மொழியால் வருவதில்லை. பழகிப்போவது. ‘சாப்பிடச் சிரமமா?’ என்று கேள். ஆறு வருஷமாகக் காரமே தொடாதவர் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்பார். பொய்யில்லை. தயிர்ச் சோறும் ரசத்தின் தெளிவும்தான் அவர் உலகம், அதில் சிரமம் இல்லை. படிவத்தில் 0. வைத்தியம் முடிந்தபின் குழம்பைத் தொட்டுப் பார்த்து லேசாகக் காந்தினால் ‘சிரமம் உண்டு’ என்பார். படிவத்தில் 2. தேறிவருகிறவர் தாளில் மோசமாகிவிடுவார். அதனால் சிரமத்தைக் கேட்காமல் செய்கையைக் கேள். வீட்டில் மிளகாய்ப்பொடி போடுவதற்கு முன்னால் உங்களுக்கென்று தனிக் கிண்ணத்தில் எடுத்துவைக்கிறார்களா? எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா, கடைசியிலா? ஒரு தட்டுச் சோறு உள்ளே போக எவ்வளவு நேரமாகிறது? உருட்டிய கவளம் போகிறதா, தட்டையாக்கித்தான் போடுகிறீர்களா? கொட்டாவி வந்தால் தாடையைக் கையால் தாங்குகிறீர்களா? அடுப்பு ஊத முடிகிறதா? பிரஷ் கடைவாய்வரை எட்டுகிறதா? மாத்திரையை முழுதாகப் போடுகிறீர்களா, உடைத்தா? காது அடைக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அண்ணத்துத் தசை இறுகினால் காதுக்குப் போகும் குழாய் சரியாகத் திறக்காது. அவர் காதுக்கென்று வேறு டாக்டரைத் தேடி அலைந்துகொண்டிருப்பார்.

தனிக் கிண்ணம் நின்றதா இல்லையா என்பதை மட்டும் தனிக் கட்டம் போட்டு எழுது. எனக்கு அந்த ஒரு கட்டம் 56 மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்கிறது.

எப்போது கேட்பது? முதல் நாள், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம். இரண்டாவது வாரத்தில் கேட்காதே. பாக்கை விட்டவருக்கு அப்போது தலைவலி, தூக்கமின்மை, சிடுசிடுப்பு எல்லாம் இன்னும் அடங்கியிருக்காது. கூடப் புகையிலையும் இருந்திருந்தால் சொல்லவே வேண்டாம். அந்த நேரத்துக் கணக்கைப் பார்த்தால் வைத்தியம்தான் நோயாக்கியது போலிருக்கும்.

விடச் சொல்வது சுலபம். உங்கள் பக்கம் வத்தலக்குண்டு வெற்றிலை கூடைகூடையாக ஏறிவருகிறது, எங்கள் பக்கம் கூடலூர், பந்தலூரில் பாக்கு மரம் தோட்டத்திலேயே நிற்கிறது. தென்மேற்கு மழையில் நனைந்தபடி கொழுந்து பறிப்பவர்களுக்கு வாயில் அடக்கிய ஒரு உருண்டைதான் சூடு. போதாக்குறைக்கு நிச்சயதார்த்தம் என்றால் பாக்கு வெற்றிலை மாற்றுவது, விருந்து முடிந்தால் தாம்பூலம். மறுத்தால் மரியாதைக் குறைவு. ‘வாங்கிக்கோங்க, மடியில வெச்சுக்கோங்க, வாயில போடாதீங்க’ என்று சொல்லிக்கொடுத்தால் பெண்கள் சமாளித்துவிடுகிறார்கள். மெல்ல ஏதாவது வேண்டும் என்பவர்களுக்குச் சோம்போ ஏலக்காயோ போதும். வாசனைப் பாக்குப் பொட்டலத்தில் ‘புகையிலை இல்லை’ என்று போட்டிருப்பதைக் காட்டி ‘இது பரவால்லல்ல?’ என்று கேட்பார்கள். பரவாயில்லை இல்லை. புகையிலை சேராத பாக்கையே புற்றுநோய்க் காரணியாக, முதல் வகுப்பில், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே வைத்துவிட்டது. வாயை இறுக்குவதும் பாக்குதான்.

ஊசி விஷயம் உனக்குத் தெரிந்ததே. அழற்சி தணிக்கும் ஸ்டீராய்டு டெக்ஸாமெத்தசோன் 2 மில்லி, அதாவது 8 மி.கி., இறுக்கத்தை இளக்கும் ஹயலுரானிடேஸ் 1500 யூனிட், மரத்துப்போகக் கொஞ்சம் லிக்னோகெய்ன். இறுகிய பட்டையின் நெடுக, ஓர் இடத்துக்கு 0.2 மில்லிக்கு மேல் போகாமல், வாரம் ஒரு முறை, ஆறு முதல் எட்டு வாரம். சர்க்கரை இருப்பவருக்கு ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் சர்க்கரை ஏறும், முன்கூட்டிச் சொல்லிவை. ஹயலுரானிடேஸ் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. ஊரே குளிர்கிறதே என்று அலமாரியில் வைத்துவிடாதே. இரவில் உறைந்து, பகலில் வெயில் படும் அலமாரி ஃப்ரிட்ஜ் ஆகாது. கரைத்தால் உடனே போட்டுவிடு. நாலாவது, ஐந்தாவது வாரத்தில் பலர் காணாமல் போவார்கள். ஊசி வலி என்று நாம் நினைப்போம். கூலிதான் காரணம். எட்டு வாரம் என்றால் எட்டு நாள் கூலி, அதன்மேல் பஸ் காசு. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வரவே 50 கிலோமீட்டர். மருந்தும் சிகிச்சையும் என்ற பகுதியில் இதைக் கேட்காவிட்டால், ஒத்துழைக்காத நோயாளி என்று எழுதிவிடுவோம். எட்டு ஊசியிலும் 3 மி.மீ.கூட ஏறாதவருக்கு மேலும் மேலும் குத்தாதே. குத்திய தடமும் தழும்புதானே.

எல்லாவற்றிலும் மலிவானதும், சரியாகச் செய்தால் பலன் நிலைப்பதும் குச்சிப் பயிற்சி. ஐஸ் குச்சி, ஒன்று ஏறத்தாழ 2 மி.மீ. தடிமன். முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு கன்னத்திலும் ஐந்து நிமிடம் ஒத்தடம். பிறகு வலிக்காமல் எத்தனை குச்சி போகிறதோ அத்தனையை அடுக்கி நூலால் கட்டச் சொல். இங்கேதான் தவறுவது: எல்லோரும் முன்பல்லுக்கு நடுவே வைப்பார்கள். ஏற்கெனவே ஈறு தேய்ந்த முன்பல் ஒரு மாதத்தில் ஆட ஆரம்பிக்கும், ‘பயிற்சியால பல்லு போச்சு’ என்று அதோடு நின்றுவிடும். முன்கடைவாய்ப் பல்லில், ஒரு தடவை வலம், ஒரு தடவை இடம் என்று மாற்றிவைக்க வேண்டும். வைத்த அடுக்கின் நடுவே இன்னும் ஒரு குச்சியை மெதுவாகச் செருகி, இறுக்கம் தெரிகிற இடத்தில் முப்பது வரை எண்ணி, எடுத்து, ஓய்வு. பத்துத் தடவை. நாளைக்கு நாலு வேளை. நாலைந்து நாளுக்கு ஒரு குச்சி கூடினால் நல்ல வேகம். ஒரே நாளில் மூன்று குச்சி செருகி ரத்தக்கீறல் விழுந்தால் அந்த இடம் புதுத் தழும்போடு இன்னும் இறுகும். ஊறிய குச்சியில் சிலாம்பு கிளம்பும், மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றச் சொல். குச்சியின் எண்ணிக்கையை வீட்டுக் காலண்டரில் அன்றன்றைய கட்டத்தில் எழுதச் சொன்னால் உனக்கு இலவசமாக ஒரு வரைபடம் கிடைக்கும். காலண்டரில் எண்ணிக்கை நின்ற நாளையும், தோட்டத்தில் கொழுந்து அதிகம் வந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார், ஏன் நின்றது என்று கேட்கவே வேண்டியிருக்காது.

சாப்பாட்டில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மிளகாய்க்குப் பதில் மிளகு நல்லது என்று எல்லா வீட்டிலும் ஒரு நம்பிக்கை. மிளகும் அதே நரம்பைத்தான் சுடும். மிளகாயைக் கிள்ளாமல் முழுதாகத் தாளித்து, பரிமாறும் முன் எடுத்துவிட்டால் மணம் இருக்கும், காந்தல் குறையும். அதோடு தனிக் கிண்ணமும் தேவைப்படாது. வாய் காந்தினால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, ஒரு வாய் பாலோ தயிரோ வேண்டும். மெலிந்துபோனவர்களுக்குத் தாண்டிக்குடிப் பக்கத்துப் பட்டர் ஃப்ரூட்டைச் சொல்: மசித்தால் குறுகிய வாயிலும் போகும், காந்தாது, தெம்பும் தரும். லைகோபீன் என்ற சிவப்புச் சத்துக்காகத் தக்காளி சாப்பிடச் சொல்கிறவர்கள் அதன் புளிப்பை மறந்துவிடுகிறார்கள். காந்தல் அடங்கும்வரை நாளைக்கு 16 மி.கி. மாத்திரையாகவே போகட்டும். டீயை ஆறவைத்துக் குடிக்கச் சொல்வதுதான் இந்த மலையில் மிகக் கடினமான மருத்துவ ஆலோசனை.

டீ என்றதும் ரத்தசோகை. இந்த நோயாளிகளில், பெண்களில் குறிப்பாக, ஹீமோகுளோபின் பார்க்காமல் தொடங்காதே. மெலிந்த படலம் காந்துவதில் இரும்புக் குறைவுக்கும் பங்கு உண்டு. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவார்கள், டானின் அதை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் இடைவெளி கேள். எங்கள் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்களிடம், ரத்த அணு அரிவாள் போல் வளையும் பரம்பரை நோயான சிக்கிள்செல் உண்டு. அங்கிருந்து வருகிறவர் வெளுத்திருந்தால் அதைப் பார்க்காமல் இரும்பை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

பல்லை முதலிலேயே முடித்துவிடு. 30 மி.மீ. இருக்கும்போது அடைக்காத கடைவாய்ச் சொத்தை, 18 மி.மீ. ஆனபின் வேர்ச்சிகிச்சைக்கு எட்டாது, பிடுங்கவும் எட்டாது. வயதானவருக்குப் பல்செட் என்றால் அளவெடுக்கும் தட்டே உள்ளே போகாது, இரண்டு பாதியாக அறுத்து எடுக்க வேண்டிவரும். குழந்தைகளுக்கான சின்னத் தலை பிரஷ் வாங்கச் சொன்னால் போதும், பாதிச் சொத்தை தவிரும்.

அறுவைக்குக் கோவைக்கு இறக்கி அனுப்பும்போது சில விஷயம் சொல்லி அனுப்பு. இறுக்கத்தை வெட்டிய இடத்தில் மூக்கோரத் தோலைத் திருப்பிவைத்தால் முகத்தில் கோடு தெரியும், ஆண்களுக்கு வாய்க்குள் முடி வளரலாம். முதல் மாதம் இப்போதைவிட மோசமாகத்தான் இருக்கும். பயிற்சியை ஆறு மாதம் விடாமல் செய்யாவிட்டால் திறந்த வாய் மறுபடி மூடும். இதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்பவர் உண்டு. அது அவர் உரிமை.

கடைசியாகப் பயம். எர்ணாகுளம் மாவட்டத்தில் 17 ஆண்டுவரை பின்தொடர்ந்த 66 பேரில் 5 பேருக்குப் புற்றுநோய் வந்ததாக 1985ல் வெளியிட்டார்கள். 7.6 சதவீதம். இதை எப்படிச் சொல்கிறாய் என்பதைப் பொறுத்து ஆளின் தூக்கம் இருக்கிறது. ‘கேன்சரா மாறும்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னால் பாக்கை விடுவார், வருவதையும் விட்டுவிடுவார். ‘பதிமூணு பேர்ல ஒருத்தருக்கு வரலாம், ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கத்தான் உங்கள வரச்சொல்றேன்’ என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டில் பார்க்க வேண்டியது: இரண்டு வாரத்தில் ஆறாத புண், சிவந்த திட்டு, தடித்த கட்டி. வாய் 15 மி.மீ.க்குக் கீழே போனவரிடம் கண்ணை நம்பாதே. சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார், கழுத்து நெறிக்கட்டியையும் பார். படிவத்தில் இந்தப் பயத்துக்கென்று கேள்வி இல்லை. ‘ராத்திரி இத நெனச்சு முழிச்சிட்டு இருக்கீங்களா?’ என்று நீயே ஒரு வரி சேர்த்துக்கொள்.

என் கேள்வித் தாளின் ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. பென்சிலில் குறியிட்ட மூன்று கேள்விகள் எஸ்டேட்காரர்களுக்கு மட்டும், உன் பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்குப் பொருந்தாவிட்டால் எடுத்துவிடு. கீழ்ப்பழனி மலைப் பக்கம் ‘காந்துது’ என்றுதான் சொல்கிறார்களா, ‘திகுதிகுங்குது’ என்கிறார்களா என்று கேட்டு எழுது. அந்தச் சொல் வந்தபிறகு தாளை அச்சடிக்கக் கொடுக்கலாம்.

உன்,
பழைய கடைசி பெஞ்சுக்காரன்